ஆங்கிலத்தில் பேரலல் ஸ்ட்ரக்சர்: நீலகிரியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் வங்கித் தேர்வுக்கும் எஸ்எஸ்சி தேர்வுக்கும் படிப்பவர்கள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், எஸ்டேட் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுத வேண்டியவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் ஆங்கில வாக்கியங்கள்தான், ஆனால் தமிழ் எழுத்தில் இருக்கும். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். இந்த வகைப் பிழையைப் பெரும்பாலும் கண்ணுக்கு முன்னால் காது பிடித்துவிடும்.

பேரலல் ஸ்ட்ரக்சர் என்றால் என்ன?

வாக்கியத்தில் ஒரே வேலையைச் செய்யும் உறுப்புகள் ஒரே இலக்கண வடிவத்தில் நிற்பது. “அண்ட்”, “ஆர்”, “பட்” போன்ற சொற்கள் இரண்டு மூன்று உறுப்புகளைச் சேர்க்கும்போது, முதல் உறுப்பு பெயர்ச்சொல் என்றால் மற்றவையும் பெயர்ச்சொல், முதலாவது “டு” சேர்ந்த வினை என்றால் மற்றவையும் அப்படியே.

இது தமிழருக்குப் புதிய சரக்கு அல்ல. நம் எண்ணும்மையை நினைத்துப் பாருங்கள். “கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோஸும் மண்டிக்குப் போயின” என்கிறோம். “கேரட்டும் பீட்ரூட் முட்டைக்கோஸும்” என்று யாராவது சொன்னால், இலக்கணம் படிக்காத குழந்தைகூட முகத்தைச் சுளிக்கும். ‘உம்’ போட்டால் எல்லாவற்றுக்கும் போட வேண்டும். ஆங்கிலம் கேட்பதும் இதே ஒழுங்கைத்தான்.

பிழை: “டூரிஸ்ட்ஸ் கம் டு ஊட்டி டு வாக், டு ரெஸ்ட் அண்ட் சீயிங் தி ஃப்ளவர் ஷோ.”
சரி: “டூரிஸ்ட்ஸ் கம் டு ஊட்டி டு வாக், டு ரெஸ்ட் அண்ட் டு சீ தி ஃப்ளவர் ஷோ.”

தமிழில் சரியாகப் பேசும் நமக்கு ஆங்கிலத்தில் மட்டும் ஏன் தவறுகிறது?

கவனக்குறைவு என்று ஆசிரியர்கள் திட்டுவதுண்டு. அது நியாயமில்லை. தமிழ் வாக்கியம் கட்டப்படும் விதமே நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. காரணம் தெரிந்தால் பிழை பாதியாகக் குறையும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதல் காரணம் வினையெச்சம். “கொழுந்தைப் பறித்து, எடை போட்டு, லாரியில் ஏற்றி, ஃபேக்டரிக்கு அனுப்பினார்கள்.” இதில் பறித்து, போட்டு, ஏற்றி ஆகிய மூன்றும் யார் செய்தார்கள் என்று காட்டவில்லை. கடைசியில் வரும் ‘அனுப்பினார்கள்’ ஒன்றுதான் மொத்த வாக்கியத்தையும் முடித்துத் தருகிறது. தமிழுக்கு அது போதும். ஆங்கிலத்துக்குப் போதாது. வரிசையாகச் சொல்லும் எல்லா வினைகளும் ஒரே காலத்தை ஏற்று நிற்க வேண்டும்: “தே பிளக்டு தி லீவ்ஸ், வெய்டு தெம், லோடெட் தெம் அண்ட் சென்ட் தெம் டு தி ஃபேக்டரி.” நாம் எழுதுவதோ பல நேரம் இப்படி: “தே பிளக்கிங் தி லீவ்ஸ், வெயிங் தெம், லோடிங் தெம் அண்ட் சென்ட் தெம்.” பறித்து என்பதற்கு ‘இங்’ ஒட்டு சமம் என்று மனசு எடுத்துக்கொள்கிறது. கடைசி வினை மட்டும் முழு வினையாக விழுவது அப்பட்டமான தமிழ் வழக்கம்.

இரண்டாவது காரணம், தமிழின் ஒரே வடிவத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு வடிவம் இருப்பது. “நடப்பது பிடிக்கும், படிப்பது பிடிக்கும்” என்பதை “டு வாக்” என்றும் சொல்லலாம், “வாக்கிங்” என்றும் சொல்லலாம். நமக்கு இரண்டும் ‘நடப்பது’தான். அதனால் ஒரே வரிசையில் ஒன்றை அப்படியும் இன்னொன்றை இப்படியும் போட்டாலும் உறுத்துவதில்லை.

மூன்றாவது, ‘மட்டுமல்ல’ போன்ற சொற்கள் தமிழில் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் சொல் முன்னால் வரும். எங்கே வைப்பது என்பதில் கை தடுமாறும். இதற்குத் தனிக் கேள்வி கீழே உண்டு.

ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் எப்படிச் சோதிப்பது?

முதலில் இணைப்புச் சொல்லைத் தேடுங்கள்: அண்ட், ஆர், பட், நார், தேன், ஆஸ். பிறகு அதன் வலப்பக்கம் உடனே நிற்கும் சொல்லைப் பாருங்கள். இடப்பக்கம் அல்ல, வலப்பக்கம். காரணம், வலப்பக்க உறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதில் பெரும்பாலும் சந்தேகமே இருக்காது. இடப்பக்கத்தில் அதற்குத் துணையாக நாலைந்து சொற்கள் போட்டி போடும். வலப்பக்கச் சொல்லின் வடிவத்தை மனசில் வைத்துக்கொண்டு, அதே வடிவத்தைத் தேடி இடப்பக்கம் நடங்கள். துணை கிடைத்ததும், எல்லா உறுப்புகளுக்கும் பொதுவாக முன்னால் நிற்கும் பகுதியைக் கண்டுபிடியுங்கள். அதைத் ‘தண்டு’ என்று வைத்துக்கொள்வோம். தண்டோடு ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே ஒட்டிப் படியுங்கள். ஒவ்வொன்றும் தானே முழு வாக்கியமாக வர வேண்டும்.

நம் மலை ரயிலை வைத்தே பார்ப்போம்.

“தி மவுண்டன் ரயில்வே ரன்ஸ் ஃப்ரம் மேட்டுப்பாளையம் டு ஊட்டி, யூசஸ் எ ரேக் ரெயில் பிட்வீன் கல்லாறு அண்ட் குன்னூர், அண்ட் கிராஸிங் 250 பிரிட்ஜஸ்.”

இதில் “அண்ட்” இரண்டு இருக்கிறது. முதல் “அண்ட்”டின் வலப்பக்கம் குன்னூர், இடப்பக்கம் கல்லாறு. ஊர்ப்பெயரோடு ஊர்ப்பெயர். அந்த ஜோடி சரி, அதை மறந்துவிடலாம். இரண்டாவது “அண்ட்”டின் வலப்பக்கம் “கிராஸிங்”. இடப்பக்கம் நடந்தால் “யூசஸ்”, அதற்கும் முன்னால் “ரன்ஸ்”. தண்டு “தி மவுண்டன் ரயில்வே”. ஒட்டிப் பாருங்கள்: ரயில்வே ரன்ஸ், சரி. ரயில்வே யூசஸ், சரி. ரயில்வே கிராஸிங்? அது லெவல் கிராஸிங் மாதிரி ஒரு பெயர்ச்சொல்லாக நிற்கிறதே தவிர வாக்கியம் ஆகவில்லை. “கிராஸஸ் 250 பிரிட்ஜஸ்” என்று மாற்றினால் முடிந்தது.

பலர் விழுவது எங்கே என்றால், வாக்கியத்தில் ஒரே ஒரு “அண்ட்” இருக்கும் என்று நினைத்து முதலில் கண்ணில் பட்டதோடு நிறுத்திவிடுவதில்தான். எத்தனை “அண்ட்” இருக்கிறதோ அத்தனை ஜோடியையும் பாருங்கள்.

காதை மட்டும் நம்பலாமா?

முதலில் சலித்தெடுக்க நம்பலாம், தீர்ப்புக்குக் கூடாது. “பிளக்டு, வெய்டு, லோடெட், சென்ட்” என்ற வரிசையில் முதல் மூன்றும் ‘ட்’, ‘டு’ ஓசையோடு ஒரு மாதிரி ஒலிக்கின்றன. அதே இடத்தில் “டுக்” என்ற இறந்தகால வினை வந்தால் ஓசை வேறு. ஆனாலும் அது சரிதான். பார்க்க வேண்டியது இலக்கண வடிவத்தை. ஈற்றோசை ஓர் அடையாளம் மட்டுமே. அதுபோல “மார்னிங்”, “பில்டிங்”, “சீலிங்” எல்லாம் ‘இங்’ என்று முடிந்தாலும் சாதாரணப் பெயர்ச்சொற்கள். “எ பில்டிங், எ கார்டன் அண்ட் எ லேக்” என்ற வரிசையில் பிழை எதுவும் இல்லை.

“டு” ஒவ்வொரு முறையும் வர வேண்டுமா?

வேண்டியதில்லை. முதலில் ஒரு முறை மட்டும், அல்லது எல்லாவற்றுக்கும். “டு ரீட், ரைட் அண்ட் ஸ்பீக்” சரி. “டு ரீட், டு ரைட் அண்ட் டு ஸ்பீக்” சரி. “டு ரீட், ரைட் அண்ட் டு ஸ்பீக்” தவறு. உறுப்புகள் நீளமாக இருந்தால் எல்லாவற்றுக்கும் போடுவதே நல்லது, வாசிப்பவர் வழி தவற மாட்டார்.

“இன்”, “ஆன்”, “ஃபார்” போன்ற முன்னிடைச் சொற்களுக்கும் இதே கணக்கு. “இன் ஊட்டி, குன்னூர் அண்ட் இன் கோத்தகிரி” என்பது அரைகுறை. ஆனால் ஒவ்வொரு உறுப்புக்கும் வேறு வேறு முன்னிடைச் சொல் தேவைப்பட்டால் ஒன்றையும் விடக் கூடாது: “தோடா எம்பிராய்டரி இஸ் டன் பை ஹேண்ட், இன் ரெட் அண்ட் பிளாக் த்ரெட், ஆன் வைட் காட்டன்.” பை, இன், ஆன் மூன்றும் வேறு சொற்கள், ஆனால் மூன்றும் ஒரே வகை. அதனால் இணை கெடவில்லை.

எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது என்று எப்படித் தெரியும்?

முன்னால் நிற்கும் வினைதான் முடிவு செய்யும். “என்ஜாய்”, “அவாய்ட்”, “ஃபினிஷ்” இவற்றுக்குப் பின் ‘இங்’ வடிவம் மட்டுமே வரும். “வாண்ட்”, “டிசைட்”, “ஹோப்” இவற்றுக்குப் பின் “டு”. “லைக்”, “பிகின்” இரண்டையும் ஏற்கும், ஆனால் ஒரே வரிசையில் இரண்டையும் கலக்க விடாது. “தே என்ஜாய் வாக்கிங் ரவுண்ட் தி லேக் அண்ட் டு டிரிங்க் ஹாட் டீ” என்பதில் இரண்டாம் பகுதியைத் தண்டோடு ஒட்டினால் “தே என்ஜாய் டு டிரிங்க்” என்று வருகிறது. அங்கேயே பிழை தெரிந்துவிடும். “டிரிங்கிங்” என்று வர வேண்டும்.

“மை ஜாப் இஸ்” என்று தொடங்குகிற வாக்கியம் வேலை விண்ணப்பங்களில் நிறைய வரும். “மை ஜாப் இஸ் டு வெய் தி லீஃப் அண்ட் ரைட்டிங் தி ரெஜிஸ்டர்” என்று எழுதாமல், “டு வெய் தி லீஃப் அண்ட் டு ரைட் தி ரெஜிஸ்டர்” என்று எழுதுங்கள்.

“நாட் ஒன்லி… பட் ஆல்சோ” எப்போதும் குழப்புகிறது. எளிய வழி உண்டா?

உண்டு. “நாட் ஒன்லி”, “பட் ஆல்சோ” என்ற இரண்டு மூட்டுகளுக்கும் அடுத்து வரும் சொற்களை வெட்டி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

“தேயிலைத்தூள் மட்டுமல்ல, வர்க்கியும் வாங்கினோம்” என்று சொல்ல வருகிறீர்கள். கை எழுதுவது: “வி நாட் ஒன்லி பாட் டீ பட் ஆல்சோ வர்க்கி.” வெட்டிப் பாருங்கள். “நாட் ஒன்லி”க்குப் பின்னால் “பாட் டீ”, அதாவது வினையும் செயப்படுபொருளும். “பட் ஆல்சோ”வுக்குப் பின்னால் “வர்க்கி”, வெறும் பெயர். சமமில்லை. வினையை மூட்டுக்கு முன்னால் தள்ளுங்கள்: “வி பாட் நாட் ஒன்லி டீ பட் ஆல்சோ வர்க்கி.” இப்போது டீயோடு வர்க்கி, பெயரோடு பெயர்.

வினையை உள்ளேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் இரண்டாவது பக்கத்துக்கும் ஒரு வினை கொடுங்கள்: “வி நாட் ஒன்லி பாட் டீ பட் ஆல்சோ டேஸ்டெட் வர்க்கி.”

தமிழில் ‘மட்டுமல்ல’ எந்தச் சொல்லைத் தொடுகிறதோ அந்தச் சொல்லுக்கு நேர் முன்னால் “நாட் ஒன்லி” வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. ‘தேயிலைத்தூள் மட்டுமல்ல’ என்றால் “நாட் ஒன்லி டீ”. ‘வாங்கியது மட்டுமல்ல’ என்றால் “நாட் ஒன்லி பாட்”.

“ஈதர்… ஆர்”, “நீதர்… நார்”, “போத்… அண்ட்”, “வெதர்… ஆர்” எல்லாவற்றுக்கும் இதே வெட்டுச் சோதனை போதும். “யூ கேன் ஈதர் டேக் தி டிரெய்ன் ஆர் தி பஸ்” என்று பேச்சில் எல்லோரும் சொல்வார்கள். தேர்வுத்தாளில் “யூ கேன் டேக் ஈதர் தி டிரெய்ன் ஆர் தி பஸ்” என்பதே சரியான விடை. “போத் இன் ஊட்டி அண்ட் கோத்தகிரி” என்பதை “இன் போத் ஊட்டி அண்ட் கோத்தகிரி” என்றோ “போத் இன் ஊட்டி அண்ட் இன் கோத்தகிரி” என்றோ மாற்றலாம். “ஈதர்”ருக்கு “ஆர்”, “நீதர்”ருக்கு “நார்”. இந்தத் துணைகளை மாற்றிப் போடுவதும் தேர்வில் அடிக்கடி வைக்கப்படும் கண்ணி.

ஒப்பிடும் வாக்கியங்களில் என்ன பார்க்க வேண்டும்?

எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை.

“தி வின்டர் இன் ஊட்டி இஸ் கோல்டர் தேன் கோயம்புத்தூர்.” கேட்டால் ஒன்றும் தப்பில்லாத மாதிரி இருக்கும். ஆனால் இடது தட்டில் ஊட்டியின் குளிர்காலம், வலது தட்டில் கோயம்புத்தூர் என்ற ஊர். காலத்தை ஊரோடு நிறுக்க முடியாது. சரி செய்ய இரண்டு வழி. ஒன்று, “தேன் தட் இன் கோயம்புத்தூர்” என்று “தட்” சேர்ப்பது. மற்றொன்று, வாக்கியத்தையே திருப்புவது: “இட் இஸ் கோல்டர் இன் ஊட்டி தேன் இன் கோயம்புத்தூர்.” எங்களுக்குப் பின்னதுதான் பிடிக்கும், இயல்பாக இருக்கிறது. பன்மை வந்தால் “தட்”டுக்குப் பதில் “தோஸ்”: “தி ரோட்ஸ் இன் தி ஹில்ஸ் ஆர் நேரோவர் தேன் தோஸ் இன் தி பிளெய்ன்ஸ்.”

“அன்லைக்” என்று தொடங்கும் வாக்கியத்திலும் அதே தராசு. “அன்லைக் மேட்டுப்பாளையம், தி ஃப்ராஸ்ட் இன் ஊட்டி டேமேஜஸ் கிராப்ஸ்” என்றால் ஒரு ஊரை உறைபனியோடு ஒப்பிட்டாயிற்று. “அன்லைக் மேட்டுப்பாளையம், ஊட்டி கெட்ஸ் ஃப்ராஸ்ட்” என்றால் ஊரோடு ஊர்.

“ப்ரிஃபர்” வந்தால் இரண்டு பக்கமும் ‘இங்’ வைத்து நடுவில் “டு” போடுங்கள்: “ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டிரைவிங்.” இங்கே “டு”வுக்குப் பின் “டிரைவ்” வராது, இந்த “டு” முன்னிடைச் சொல். “வுட் ராதர்” வந்தால் இரண்டு பக்கமும் வெறும் வினை: “ஐ வுட் ராதர் வாக் தேன் டிரைவ்.”

“ஹேஸ் அண்ட் வில்” என்று சேர்த்து எழுதினால் ஏன் தவறு?

“தி ஃபேக்டரி ஹேஸ் அண்ட் வில் பை லீஃப் ஃப்ரம் ஸ்மால் குரோயர்ஸ்.” தண்டுச் சோதனை செய்யுங்கள். “வில் பை” சரி. “ஹேஸ் பை” என்று ஆங்கிலம் கிடையாது, “ஹேஸ் பாட்” என்றுதான் வரும். ஆகவே “ஹேஸ் பாட் அண்ட் வில் பை”. ஒரே வினைவடிவம் இரண்டு துணைவினைக்கும் பொருந்தினால் மட்டுமே சுருக்கலாம்: “கேன் அண்ட் வில் பை” தவறில்லை.

இதன் தம்பிதான் “ஷி இஸ் இன்ட்ரெஸ்டெட் அண்ட் குட் அட் பாட்டனி.” “இன்ட்ரெஸ்டெட்”டுக்கு “இன்” வேண்டும். “இன்ட்ரெஸ்டெட் இன் அண்ட் குட் அட் பாட்டனி” என்று இரண்டையும் எழுத வேண்டும்.

நீண்ட பட்டியலில் கடைசி உறுப்பு மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் அங்கே ஒரு பட்டியல் இல்லை, இரண்டு இருக்கிறது. தேயிலை ஃபேக்டரிக்கு வரும் சுற்றுலாப் பயணிக்கு விளக்குவதாக வையுங்கள். இலையை வாட்டி, உருட்டி, நொதிக்க விட்டு, உலர்த்தி, தரம் பிரிக்கிறார்கள். எழுதப்படுவது இப்படி:

“தி லீஃப் இஸ் விதர்டு, ரோல்டு, ஃபெர்மென்டெட், டிரைடு அண்ட் ஹேஸ் எ ஸ்ட்ராங் அரோமா.”

தண்டு “தி லீஃப் இஸ்”. இஸ் விதர்டு, இஸ் ரோல்டு, இஸ் ஃபெர்மென்டெட், இஸ் டிரைடு, நான்கும் ஒட்டுகின்றன. “இஸ் ஹேஸ்” ஒட்டவில்லை. நான்கும் இலைக்குச் செய்யப்படுபவை, ஐந்தாவது இலையின் தன்மை. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான் கோளாறு. முதல் பட்டியலை அதற்குரிய “அண்ட்” போட்டு முடித்துவிட்டு, பிறகு இரண்டாவதைத் தொடங்குங்கள்:

“தி லீஃப் இஸ் விதர்டு, ரோல்டு, ஃபெர்மென்டெட் அண்ட் டிரைடு, அண்ட் இட் ஹேஸ் எ ஸ்ட்ராங் அரோமா.”

இரண்டு “அண்ட்” வருகிறதே என்று கூச்சப்பட வேண்டாம். ஒன்றை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இந்தப் பிழை வருகிறது.

பிழை மாதிரி தெரிந்தாலும் சரியாக இருக்கும் வாக்கியங்கள் உண்டா?

நிறைய உண்டு. இந்தப் பாடத்தைப் புதிதாகப் படித்தவர்கள் நல்ல வாக்கியத்தையும் அடித்துத் திருத்திவிடுவார்கள், ஆகவே இதை நன்றாகப் பாருங்கள்.

காலம் வேறுபடலாம். “ஷி வாஸ் பார்ன் இன் கூடலூர் அண்ட் லிவ்ஸ் இன் கோத்தகிரி.” பிறந்தது அன்று, வாழ்வது இன்று. பொருளே அப்படி இருப்பதால் வடிவமும் அப்படித்தான் இருக்கும். செய்வினையும் செயப்பாட்டுவினையும் இப்படிச் சேர்வதில் தவறில்லை.

பெயர்ச்சொற்களின் நீளம் வேறுபடலாம். “கேரட்ஸ், பொட்டேட்டோஸ் அண்ட் எ சாக் ஆஃப் கார்லிக்” என்பதில் மூன்றும் பெயர்த்தொடர்கள்தான். மூன்றாவது நீளமாக இருப்பது குற்றமாகாது.

“டயர்டு பட் இன் குட் ஸ்பிரிட்ஸ்” என்ற தொடரில் ஒன்று பெயரடை, மற்றொன்று முன்னிடைச் சொல்லோடு வரும் தொடர். வடிவம் வேறு. ஆனாலும் இரண்டும் ஒருவரின் நிலையைச் சொல்லும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஆங்கிலம் இதை ஏற்கும். “ஸ்லோலி அண்ட் வித் கேர்” என்பதும் இந்த வகை. வேலை ஒன்றாக இருப்பதே அடிப்படை, வடிவம் அதைக் காட்டும் அடையாளம்.

பட்டியலில் சேராத ‘இங்’ ஒன்று வாலாக வரலாம். “தி டிரெய்ன் லெஃப்ட் கல்லாறு அண்ட் கிளைம்ப்டு ஸ்லோலி, கிராஸிங் மெனி பிரிட்ஜஸ்.” இந்தக் “கிராஸிங்”குக்கு முன்னால் “அண்ட்” இல்லை. பாலங்களைக் கடந்தபடியே ஏறியது என்று அது ஏறுதலை விவரிக்கிறது. மேலே நாம் திருத்திய ரயில் வாக்கியத்தையும் இதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒரு “அண்ட்” இருப்பதும் இல்லாததும் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

“நாட் ஒன்லி” வாக்கியத்தின் தலையில் வந்தால் முதல் பகுதி கேள்வி மாதிரி திரும்பும்: “நாட் ஒன்லி டஸ் தி டிரெய்ன் கேரி டூரிஸ்ட்ஸ், பட் இட் ஆல்சோ கேரீஸ் லோக்கல் பீப்பிள்.” இதுவும் சரியே.

“தட்” ஒரு முறை போட்டால் போதாதா?

சில நேரம் பொருளே மாறிவிடும். “தி போர்டு சேஸ் தட் பிளாஸ்டிக் பாட்டில்ஸ் ஆர் பேன்டு அண்ட் விசிட்டர்ஸ் கேரி தெம் எனிவே.” பாட்டிலுக்குத் தடை என்று பலகை சொல்கிறது. மக்கள் அப்படியும் கொண்டுவருகிறார்கள் என்பதையும் பலகையா சொல்கிறது? இல்லை, அது எழுதுபவரின் கருத்து. அப்படியானால் “பட்” போட்டு வாக்கியத்தைப் பிரிக்க வேண்டும். இரண்டும் பலகை சொல்வதென்றால் இரண்டாவது முறையும் “தட்” வேண்டும்: “சேஸ் தட் பிளாஸ்டிக் பாட்டில்ஸ் ஆர் பேன்டு அண்ட் தட் விசிட்டர்ஸ் நீட் ஆன் இ-பாஸ்.”

ஹோம்ஸ்டேவுக்கு விதிமுறைப் பலகை எழுத வேண்டும். இங்கே இந்த இலக்கணம் தேவையா?

பட்டியலாக எழுதும் இடத்தில்தான் இது மிகவும் தேவை. ஒரு பலகையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்:

“டூ நாட் ஃபீட் தி மங்கீஸ்.”
“த்ரோயிங் பிளாஸ்டிக் இஸ் ப்ரொஹிபிட்டெட்.”
“வெஹிகிள்ஸ் ஷுட் பி பார்க்டு இன்சைட் தி கேட்.”
“நோ லவுட் மியூசிக்.”

தனித்தனியே நான்கும் சரியான ஆங்கிலம். ஒரே பட்டியலில் ஒன்று கட்டளை, ஒன்று அறிவிப்பு, ஒன்று செயப்பாட்டுவினை, ஒன்று வெறும் பெயர்த்தொடர். விருந்தினர் ஒவ்வொரு வரியிலும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டளை வடிவமே எளிது:

“டூ நாட் ஃபீட் தி மங்கீஸ்.”
“டூ நாட் த்ரோ பிளாஸ்டிக்.”
“டூ நாட் பிளே லவுட் மியூசிக்.”
“பார்க் இன்சைட் தி கேட்.”

செய்யக் கூடாதவற்றை ஒன்றாகவும் செய்ய வேண்டியதைத் தனியாகவும் வைத்திருக்கிறோம். எல்லா வரிகளும் வினையில் தொடங்குகின்றன.

வேலைக்கான பயோடேட்டாவிலும் இதே முறைதான். செய்த வேலைகளை “மெயின்டெய்ன்டு”, “டிரெய்ன்டு”, “ப்ரிப்பேர்டு” என்று இறந்தகால வினையில் தொடங்கினால் கடைசி வரி வரை அப்படியே போங்கள். நடுவில் “ரெஸ்பான்சிபிள் ஃபார்” என்று நுழைந்தால் வரிசை உடைகிறது.

போட்டித் தேர்வில் நேரம் குறைவு. எதை முதலில் பார்ப்பது?

வாக்கியத்தில் பட்டியல் இருக்கிறதா என்று. காற்புள்ளிகளும் ஓர் “அண்ட்”டும் கண்ணில் பட்டால் மூன்று உறுப்புகளின் முதல் சொல்லை மட்டும் எடுத்துப் பாருங்கள், முழு வாக்கியத்தையும் படிக்க வேண்டியதில்லை. இரண்டு ஒரே மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் இருந்தால் பெரும்பாலும் அந்த ஒன்றில்தான் பிழை.

அடிக்கோடிட்ட பகுதியை மேம்படுத்தச் சொல்லும் வினாக்களில் ஒரு நுணுக்கம். அடிக்கோடு போடாத பகுதியை உங்களால் மாற்ற முடியாது. எனவே வடிவத்தை அதுதான் தீர்மானிக்கிறது. அடிக்கோட்டுக்கு வெளியே “டு வாக்” என்று இருந்தால், உள்ளே “ஸ்விம்மிங்” எத்தனை அழகாக இருந்தாலும் விடை “டு ஸ்விம்” தான். இரண்டு விடைகள் இணையாக இருந்தால், பொருள் மாறாத விடையைத் தேர்ந்தெடுங்கள். வடிவம் சரியாகி அர்த்தம் கோணலாகும் விடை ஒன்றை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள்.

பார்த்துப் பழக நல்ல மாதிரி எது?

1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட நம் அரசியலமைப்பின் முகப்புரை. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான், ஆனால் ஒரே நீண்ட வாக்கியமான அதன் கட்டமைப்பை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். ஆங்கில மூலத்தில் “டு” சேர்ந்த வினைகள் மூன்று வருகின்றன: “டு கான்ஸ்டிட்யூட்”, “டு செக்யூர்”, “டு ப்ரொமோட்”. மூன்றும் “ரிசால்வ்டு” என்ற தண்டில் தொங்குகின்றன. “செக்யூர்” என்பதன் கீழே ஜஸ்டிஸ், லிபர்ட்டி, ஈக்வாலிட்டி என்று மூன்று பெயர்ச்சொற்கள். “ஜஸ்டிஸ்”ஸுக்கு மூன்று பெயரடைகள்: சோஷியல், எகனாமிக், பொலிட்டிகல். “லிபர்ட்டி”க்கு “ஆஃப்” ஒரே முறை, பின்னால் ஐந்து பெயர்கள். “ஈக்வாலிட்டி”க்கோ “ஆஃப் ஸ்டேட்டஸ் அண்ட் ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி” என்று “ஆஃப்” இரண்டு முறை. ஒரு முறை அல்லது எல்லா முறையும் என்று மேலே சொன்ன விதி, இரண்டு விதமாகவும் ஒரே வாக்கியத்துக்குள் இருக்கிறது. முடிவில் “அடாப்ட், எனாக்ட் அண்ட் கிவ்” என்று மூன்று வினைகள். ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு தண்டுக்கும் கீழே அதன் உறுப்புகளை வரிசையாக இறக்கிப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். பத்துப் பயிற்சித்தாள் செய்வதைவிட இது கை கொடுக்கும்.

பயிற்சிக்குச் சில வாக்கியங்கள் தர முடியுமா?

ஐந்து தருகிறோம். ஒன்றில் பிழை இல்லை.

1. “தி கைடு டோல்டு அஸ் டு வாக் குவைட்லி, டு ஸ்டே டுகெதர் அண்ட் நாட் டச்சிங் தி பிளாண்ட்ஸ்.”
2. “தி குறிஞ்சி பிளாண்ட் ஃப்ளவர்ஸ் ஒன்ஸ் இன் 12 இயர்ஸ், செட்ஸ் சீட் அண்ட் டைஸ்.”
3. “தி பிரைஸ் ஆஃப் கேரட்ஸ் இன் ஊட்டி இஸ் லோவர் தேன் சென்னை.”
4. “ஹி நீதர் குரோஸ் டீ நார் காஃபி.”
5. “பிளக்கிங் டீ இஸ் ஹார்டர் தேன் டு செல் இட்.”

விடைகள். முதலாவதில் “நாட் டு டச்” என்று வர வேண்டும், “டோல்டு அஸ்” தண்டில் மூன்றும் “டு” கேட்கின்றன. இரண்டாவது சரி: ஃப்ளவர்ஸ், செட்ஸ், டைஸ் மூன்றும் ஒருமை நிகழ்கால வினைகள், “ஃப்ளவர்ஸ்” இங்கே பூக்கள் அல்ல, பூக்கிறது. மூன்றாவதில் விலையை ஊரோடு ஒப்பிட்டிருக்கிறார்கள், “தேன் தட் இன் சென்னை” என்று திருத்துங்கள். நான்காவதில் “குரோஸ் நீதர் டீ நார் காஃபி”. ஐந்தாவதில் “தேன் செல்லிங் இட்”.